கொஸ்மின்ஸ்கியைக் கொலைகாரன் என்று சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

குற்றக் கதைகளைத் தமிழில் சொல்லிவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். 1888-ல் லண்டன் ஒயிட்சாப்பலில் 'ஜாக் த ரிப்பர்' என்ற பட்டப்பெயரில் மட்டுமே அறியப்படும் ஒருவன் செய்த கொலைகளைப் பற்றி நீங்கள் சொல்வதை ஆர்வத்தோடு கேட்பவன் நான். அண்மைக்காலமாக அந்தக் கதை எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் போய் முடிகிறது: 'டி.என்.ஏ. சோதனையில் ஜாக் த ரிப்பர் யாரென்று தெரிந்துவிட்டது, ஆரன் கொஸ்மின்ஸ்கி என்ற போலந்து யூதன்.' இந்த முடிவை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

அந்தச் சோதனைக்கு ஆதாரம் ஒரு பட்டுச் சால்வை. செப்டம்பர் 30 அதிகாலையில் மைட்டர் சதுக்கத்தில் கொல்லப்பட்ட கேத்தரின் எட்டோசின் உடலருகே அது கிடந்ததாகவும், ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு எடுத்துப்போனதாகவும் அவர் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தப் போலீஸ்காரர் பெருநகரப் போலீசைச் சேர்ந்தவர். மைட்டர் சதுக்கமோ சிட்டி போலீஸ் என்ற தனிப் படையின் எல்லைக்குள் இருந்தது. அதையாவது எப்படியோ சமாதானம் சொல்லிவிடலாம். எட்டோசின் உடைமைப் பட்டியலை என்ன செய்வது? டீத்தூளும் சர்க்கரையும் இருந்த தகர டப்பாக்கள், அடகுச் சீட்டுகள் வைத்திருந்த கடுகு டப்பா, சிவப்புத் தோல் சிகரெட் பெட்டி, 12 வெள்ளைக் கந்தல் துண்டுகள் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார்கள். சால்வை அதில் இல்லை. அந்த அடகுச் சீட்டுகளில் ஒன்று, அவரோடு வாழ்ந்தவரின் பூட்ஸுக்கானது. பூட்ஸை அடகு வைத்துச் சாப்பிட்ட கேத்தரினிடம் விலையுயர்ந்த பட்டுச் சால்வை விற்காமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சால்வையை 2007-ல் ஒருவர் ஏலத்தில் எடுத்தார். அதிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை எட்டோஸ், கொஸ்மின்ஸ்கி குடும்பங்களின் வாரிசுகளுடையதோடு ஒப்பிட்டு, 2014-ல் 'வழக்கு தீர்ந்தது' என்று அறிவிப்பு வந்தது. அதில் மிக அரிதானது என்று காட்டப்பட்ட மரபணு மாற்றம், பெயரிடும்போது நேர்ந்த பிழை என்றும், உண்மையில் ஐரோப்பிய வம்சாவளியினரில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இருப்பது என்றும் மரபியலாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். 2019-ல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையோ, மரபணு வரிசையையே அச்சிடாமல் வண்ணக் கட்டங்களைப் போட்டிருந்தது. தரவு இல்லாமல் மற்றவர்கள் எதைச் சரிபார்ப்பது? அதிலும் சோதித்தது தாய்வழியே வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.; ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது ஒன்றாகவே இருக்கும். 'இவர் இல்லை' என்று விலக்க உதவும். 'இவர்தான்' என்று கைகாட்ட அது மட்டும் போதாது.

சால்வையை ஒதுக்கினாலும் அக்காலப் போலீஸ் அதிகாரிகளே கொஸ்மின்ஸ்கி பெயரை எழுதியிருக்கிறார்களே என்பீர்கள். நியாயமான கேள்விதான். பின்னாளில் கற்பனையாகச் சேர்க்கப்பட்ட பல பெயர்களைவிட இவர் மீதான சந்தேகத்துக்கு எடை உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதியவர்கள் எவ்வளவு தெரிந்து எழுதினார்கள் என்று பாருங்கள்.

லண்டன் போலீஸ் உயரதிகாரி மெல்வில் மெக்நாட்டன் 1894 பிப்ரவரியில் எழுதிய குறிப்பில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. அவர் காவல் துறையில் சேர்ந்ததே 1889-ல், கொலைகள் நடந்து முடிந்த பிறகு. முதலாமவரான ட்ரூயிட்டை மருத்துவர் என்கிறார்; குறிப்பின் வரைவில் வயது 41 என்றும் எழுதியிருக்கிறார். ட்ரூயிட் இறந்தபோது 31 வயது வழக்கறிஞர், பள்ளி ஆசிரியரும்கூட. இன்னொருவரான ஓஸ்ட்ரோக், கொலைகள் நடந்த சமயத்தில் பிரான்சில் சிறையில் இருந்தது பின்னாளில் தெரியவந்தது. ஒரே குறிப்பில் இருவரைப் பற்றி இவ்வளவு தவறு என்றால் மீதமுள்ள கொஸ்மின்ஸ்கியைப் பற்றி எழுதியதை மட்டும் எப்படி அப்படியே ஏற்பது? கொஸ்மின்ஸ்கி 1889 மார்ச் வாக்கில் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டதாக அவர் எழுதினார். ஆரன் கொஸ்மின்ஸ்கி கோல்னி ஹாட்ச் காப்பகத்துக்குப் போனது 1891 பிப்ரவரியில்.

இந்த வழக்கைக் கவனித்த போலீஸ் அதிகாரி டொனால்ட் ஸ்வான்சன் ஒரு புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புதான் அடுத்த ஆதாரம். ஒரு சாட்சி அடையாளம் காட்டினார், ஆனால் தானும் யூதர் என்பதால் நீதிமன்றத்தில் சொல்ல மறுத்துவிட்டார் என்கிறது அது. அந்தச் சாட்சி ஜோசப் லாவெண்டேயாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். எட்டோசுடன் ஓர் ஆளைக் கண்ட அவர், மறுபடி பார்த்தால் அடையாளம் தெரியுமா என்பது சந்தேகமே என்று மரண விசாரணையிலேயே சொல்லியிருந்தார். கொஸ்மின்ஸ்கி காப்பகத்துக்குப் போய் விரைவில் இறந்துவிட்டார் என்றும் ஸ்வான்சன் எழுதினார். அவர் இறந்தது 1919-ல்.

காப்பகப் பதிவேடு காட்டும் ஆரன் வேறு மாதிரி இருக்கிறார். முடிதிருத்தும் தொழிலாளி. மற்றவர் கொடுக்கும் உணவைத் தொடமாட்டார், தெருச் சாக்கடையிலிருந்து ரொட்டித் துண்டுகளைப் பொறுக்கித் தின்பார். சகோதரியைக் கத்தி காட்டி மிரட்டியதாகவும், பிறகு ஓர் ஊழியர் மீது நாற்காலியை எறிந்ததாகவும் பதிவு உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஆனால் சேர்க்கைப் பதிவில் 'பிறருக்கு ஆபத்தானவரா' என்ற இடத்தில் 'இல்லை' என்றே எழுதியிருக்கிறார்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்க ஒரு காரணம் உண்டு. 1888 செப்டம்பரில் ஜான் பைசர் என்ற யூதச் செருப்புத் தொழிலாளியை 'தோல் ஏப்ரன்காரன்' (அப்போது கொலைகாரன் என்று சந்தேகிக்கப்பட்டவனின் பட்டப்பெயர்) என்று ஊரே துரத்தியது. கைதான பிறகு, கொலை நடந்த இரவுகளில் அவர் வேறிடத்தில் இருந்தது உறுதியானது. யூதர்களைப் பற்றிச் சுவரில் எழுதியிருந்த ஒரு வரியைக் கலவரத்துக்குப் பயந்து போலீஸ் ஆணையரே அழிக்கச் சொன்னார். அப்படிப்பட்ட ஊரில் ஏழை, வந்தேறி, மனநோயாளி ஆகிய மூன்றுமாக இருந்தவர் மேல் சந்தேகம் விழ ஆதாரம் தேவைப்பட்டிருக்காது. அதே சந்தேகத்தைத் தீர்ப்பாக்கி நாம் தமிழில் பரப்ப வேண்டுமா?

கொஸ்மின்ஸ்கியை விட்டுவிடச் சொல்லவில்லை. 'சந்தேகிக்கப்பட்டவர்களில் ஒருவர்' என்று சொல்லுங்கள். மெக்நாட்டன் குறிப்பைப் படிக்கும்போது காப்பகப் பதிவையும் சேர்த்துப் படியுங்கள். சால்வையைப் பற்றிப் பேசும்போது உடைமைப் பட்டியலையும் சொல்லுங்கள். 'கண்டுபிடித்தாகிவிட்டது' என்று ஏற்கெனவே தலைப்பிட்டு வெளியிட்டவற்றுக்கு ஒரு திருத்தம் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நேயர் ஒருவர்