ஏற்காடு அடிவாரத்தில் உதவிய மெக்கானிக் அண்ணனுக்கு நன்றி

பெயரைக் கேட்டும் சொல்லாமல் போய்விட்டீர்கள் அண்ணா, அதனால் இங்கே எழுதுகிறேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய பெட்ரோல் கார். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது) சீராக ஓடும், மேடு வந்தால் இழுக்காது. இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் பயமுறுத்தியிருந்தார்கள். நீங்கள் அவசரப்படவில்லை. முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் காட்டினீர்கள். இளம் பழுப்பாக இருக்க வேண்டிய பீங்கான் நுனி சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "இன்ஜினுக்குப் பெட்ரோல் பத்தலை தம்பி" என்றீர்கள். அப்புறம் கம்ப்ரஷன் கேஜ், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக ஏறுகிறதா என்று காட்டும் மீட்டர். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டி, இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும்தான் எனக்குப் போன உயிர் திரும்பியது. பெட்ரோல் லைனில் பிரஷர் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. ஐடிலில் 3 பார் (பிரஷரின் அளவு) பக்கம் நின்ற முள், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சரிந்தது. அடைப்பு இருக்கும் என்று பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தீர்கள்: கறுத்த பெட்ரோல், கூடவே துருத்தூள்.

புது ஃபில்டர் போட்டதும் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறாமல் ஏறியது. ஃபில்டர் விலையை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். அதைவிட, எதை ஏன் பார்க்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. இதைப் பார்க்க நேர்ந்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள் அண்ணா. உங்கள் கூலி என்னிடம் பாக்கி இருக்கிறது.