மூன்றாம் பருவச் செய்திகள்: பெற்றோர் கவனத்திற்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் பருவம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆண்டு விழா சிறப்பாக நடந்தது. விளையாட்டிலும் கட்டுரைப் போட்டியிலும் பிள்ளைகள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். தேர்வு அட்டவணை அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

அடுத்து, வாய்க்கால்.

வழக்கமாக ஜனவரி 28-இல் மேட்டூர் அணை மூடப்பட்டதும் காவிரியின் கிளையான அரசலாற்றில் ஓட்டம் குறைந்து, பள்ளிக்குப் பின்னால் உள்ள வாய்க்கால் குட்டை குட்டையாகத் தேங்கிவிடும். ஜூன் 12-இல் திறக்கும் தண்ணீர் இங்கே வந்து சேரும்வரை அதில் விழுந்த எதுவும் நகராது. வெங்காயத்தாமரைக்கு அடியில் கிடந்து அழுகும். அழுகும் கழிவு தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட, அடிச்சேற்றில் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். காற்றைவிடக் கனமான வாயு. காற்றசையாத காலை வேளையில் தரையோடு தங்கும். நம் வழிபாட்டுக் கூட்டமும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது.

ஐந்தாம் வகுப்பு அறையில் சன்னலைத் திறந்தால் நாற்றம், மூடினால் புழுக்கம். தலைவலி, குமட்டல் என்று பிள்ளைகள் என் அறை வாசலில் வந்து நிற்கிறார்கள். சத்துணவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். கரையோர வீட்டுப் பிள்ளைகள் இரவில் தூக்கமில்லாமல் வந்து முதல் பாடவேளையிலேயே கண்ணயர்கிறார்கள். இந்த வாயு ஒரு கனமீட்டர் காற்றில், அரை மணி நேரச் சராசரியாக, 7 மைக்ரோகிராமைத் தாண்டினாலே நாற்றம் தொல்லை தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்வளவு நுண்ணிய அளவு.

"எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே டீச்சர்" என்றார்கள் சிலர். நாற்றத்திலேயே இருப்பவர் மூக்குக்கு அது பழகிவிடும். வெளியூர் போய்த் திரும்பும் அன்று உங்கள் வீட்டு வாசலில் சற்று நின்று பாருங்கள்.

எல்லாம் நம்மால் வந்தது என்று நான் சொல்லவில்லை. மேலிருந்து வரும் சாக்கடை பற்றிப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக மனு கொடுத்திருக்கிறோம். ஆனால் காலையில் பிள்ளையை இறக்கிவிட்டு, வண்டியில் மாட்டிய பையை மதகடியில் வீசிவிட்டுப் போவதை என் கண்ணால் பார்க்கிறேன். அந்தப் பைகளில் கோழிக் கழிவு இருக்கிறது, நாப்கின் இருக்கிறது. சில வீடுகளின் கழிப்பறைக் குழாயே வாய்க்காலில் இறங்குகிறது. ஓடும் நீரில் கழிவைக் கலப்பதை 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. இது இன்றோடு நிற்க வேண்டும். திங்கள்கிழமை முதல் மதகருகே ஓர் ஆசிரியர் நிற்பார். பிள்ளையின் கண்ணெதிரே பெற்றவர்களைக் கண்டிக்கும் நிலைக்கு என்னைக் கொண்டுபோகாதீர்கள்.

உங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வரவில்லையென்றால் சொல்லுங்கள், நானே போய்ப் பேசுகிறேன். வரும் ஆடிப்பெருக்குக்குச் சப்பரம் இழுத்து வரும் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் இந்தப் படித்துறையில் இறங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

யாரும் கேட்காமலே சென்ற ஞாயிறு வந்து, மதகை அடைத்திருந்த வெங்காயத்தாமரையை இழுத்துப் போட்ட அப்பாக்களுக்கும், அவர்களுக்கு நீராகாரம் கொண்டுவந்த அம்மாக்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியை