மலை ஏரியும் நம் ஊருணியும்

சிவமயம்
காரைக்குடி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். நாங்கள் காஷ்மீர் மலை ஏரிகளுக்கு நடந்து போய்வந்த கதையைப் போனில் கேட்டாய். லைன் விட்டு விட்டு வந்ததில் பாதிகூடச் சொல்ல முடியவில்லை. அடுத்த வருஷம் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே வழியில் போகப்போவதாகச் சொன்னாயே, அதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

சோனமார்க்கில் கிளம்பி நாரநாக்கில் இறங்கும் வழி அது. 70 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். விஷன்சர், கிருஷன்சர், காட்சர், சத்சர், நந்த்கோல், கங்காபல் என்று வரிசையாக ஏரிகள். கூடாரத்தையும் சாமானையும் குதிரைகள் சுமக்கும், நாம் நடக்க வேண்டியதுதான். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைதான் தோது, அப்புறம் பனி வந்துவிடும். வழியில் ராணுவ முகாமில் அடையாளச் சீட்டுப் பார்ப்பார்கள். உங்கள் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுக் குதிரையில் ஏற்றிவிடாதே.

உன் அப்பச்சி குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்தவர், நடை அவருக்குப் பெரிதில்லை. ஆனால் உயரம் என்பது வேறு. சோனமார்க்கே 2,700 மீட்டருக்கு மேல். காட்சர் கணவாய் சுமார் 4,200. உன் தம்பி பிடிவாதமாக எங்களைச் சோனமார்க்கில் சும்மா தங்கவைத்து, உடம்பு பழகிய பிறகுதான் கிளப்பினான். அது நல்லதாயிற்று. தலைவலி, குமட்டல் என்று வந்தால் மேலே ஏறக் கூடாது. குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும். உன் சின்னவன் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். சாப்பாடு வேண்டாம் என்று தள்ளினால் அதையே அடையாளமாக எடுத்துக்கொள்.

சாப்பாடு என்றதும் சொல்கிறேன். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரி வருமுன்பே கொதித்துவிடுகிறது. பார்த்தால் தளதளவென்று கொதிக்கும், அரிசி மட்டும் விறைத்துக்கொண்டே கிடக்கும். பிரஷர் குக்கர் இல்லாமல் சோறு கிடையாது. நான் கொண்டுபோன புளிக்காய்ச்சலைச் சுடுசோற்றில் பிசைந்து கொடுத்தேன், குதிரைக்காரப் பையன்களும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாவுருண்டை எடுத்துப் போகாதே, குளிரில் நெய் உறைந்து கல்லாகிவிடுகிறது. சீப்புச்சீடை கடைசிவரை மொறுமொறுவென்றே இருந்தது.

இனி, நான் சொல்ல வந்த விஷயம். விஷன்சர் கரையில் குனிந்து பார்த்தேன். அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது, கல்லின்மேல் மீனின் நிழல் ஓடுகிறது. ட்ரவுட் மீனாம், வெள்ளைக்காரர்கள் காலத்தில் காஷ்மீருக்குக் கொண்டுவந்தது. கையை விட்டால் மரத்துப்போகிறது. கிஷன்கங்கா என்ற ஆறு அங்கிருந்துதான் கிளம்புகிறதாம். மழை பெய்தால் வளவு முற்றத்தில் அண்டாவை வைத்துக் கூரைத்தண்ணீர் பிடித்து வளர்ந்தவள் நான். அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

நம் குடிநீர் ஊருணி ஞாபகம் இருக்கிறதா? செம்புராங்கல் படி, சுற்றிலும் சுவர், மாடு உள்ளே போகக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியில் இறங்குவோம். குளிக்க வேறு ஊருணி, துவைக்கக் கண்மாய். குடத்தை விளக்குவதாக இருந்தால்கூட வெளியே கொண்டுபோய்த்தான் விளக்க வேண்டும். எங்கள் ஆத்தா படியில் எச்சில் துப்பிய பையனை வீடுவரை துரத்திப்போய் அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தார்.

அப்படிப் பழகிய எனக்கு, அங்கே ஒரு ஏரிக்கரையில் வேறொரு கூட்டம் எண்ணெய்ப் பாத்திரங்களைச் சோப்புப் போட்டு ஏரியிலேயே கழுவியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நுரை கரையோரமாக மிதக்கிறது. கல்லிடுக்கில் நூடுல்ஸ் பாக்கெட் செருகியிருக்கிறது. தம்பி போய் இந்தியில் பக்குவமாகச் சொன்னான். ஒருவர் மட்டும் சரி என்று வாளியில் மொண்டு தள்ளிப் போனார், மற்றவர்கள் சிரித்தார்கள். கீழே பக்கர்வால் இடையர்கள் ஆட்டுமந்தையோடு இருக்கிறார்கள். அவர்கள் குடிப்பதும் இந்தத் தண்ணீரைத்தான். அந்தக் குளிரில் கழிவு எதுவும் சீக்கிரம் மக்குவதுமில்லை.

அதனால் நீ பாத்திரம் கழுவுவதானாலும் பல் விளக்குவதானாலும் கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போ. வெளிக்குப் போவதும் அப்படித்தான், ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மூடிவிட வேண்டும். குப்பையைப் புதைக்காதே, எரிக்காதே, ஒரு மிட்டாய்க் காகிதம்கூட விடாமல் திருப்பி எடுத்து வா. கூடாரம் போட வருகிறவர்களிடம் இதைப் பணம் கட்டும்போதே பேசிவிடு. அங்கே போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை.

இன்னொன்று. சிங்கப்பூரிலிருந்து நேரே ஸ்ரீநகருக்கு டிக்கெட் போட்டுவிடாதே. முதலில் இங்கே வா. பிள்ளைகள் இருவரையும் ஊருணிக்குக் கூட்டிப்போய், செருப்பைக் கழற்ற வைத்து, ஆளுக்கு ஒரு குடம் மொள்ளச் சொல்கிறேன். குக்கர் வாங்க வேண்டாம், சின்னது என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா