180 ரூபாயில் உயிர்பிழைத்த கேசட்டும் உயிர்பிழைக்காத டிஸ்க்கும்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குக் குன்னூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் குன்னூரில் டிவி, ரேடியோ, வீடியோ கேம் பழுதுபார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். இருபத்தேழு வருஷத் தொழில். போன மாதம் ஒரே வாரத்தில் என் மேசைக்கு வந்த இரண்டு பொருள்கள்தான் இந்த மடலை எழுத வைத்தன.

முதலில் வந்தது ஒரு பழைய டிவி கேம் பெட்டி. கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். லைன் வீட்டில் கூரை மாற்றும்போது பரணிலிருந்து கிடைத்ததாம். "தம்பி, எம் மகன் சின்னதுல வெளையாடினது. இப்ப பேரன் கேக்குறான். ஓடுமான்னு பாருப்பா" என்றார். நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் அது. தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் விற்றவை பெரும்பாலும் இந்த மாதிரி நகல்கள்தான். மூடியைத் திறந்தால் சிப் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பிசினில் ஒரு பொட்டு இருக்கும், அவ்வளவுதான் மூளை.

பெட்டியில் செருகும் விளையாட்டுக் கேசட்டைப் பிரித்தேன். எங்கள் மலையில் ஜூன் பிறந்தால் டிசம்பர் வரை சுவரே வியர்க்கும். பரணில் இருபது மழைக்காலம் கிடந்த கேசட்டின் 60 பின்களிலும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஊதி ஊதிப் போட்டு விளையாடிய தலைமுறை நாங்கள். அந்த வாய் ஈரமே களிம்புக்குத் துணைபோகும் என்பதும், ஊதியதால் அல்ல, கழற்றி மாட்டியதால்தான் கேசட் ஓடியது என்பதும் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பென்சில் ரப்பரால் ஒவ்வொரு பின்னாகத் தேய்த்தேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சால் துடைத்தேன். உப்பியிருந்த ஒரு கெப்பாசிட்டரை மாற்றினேன். 5 வோல்ட் ரெகுலேட்டர் இன்னும் சரியாகவே இருந்தது. கடையில் இதற்கென்றே வைத்திருக்கும் டியூப் டிவியில் மாட்டிச் சேனலைத் திருகினால், இரைச்சல் விலகி விளையாட்டுகளின் பட்டியல் வந்து நின்றது. அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கூலியோடு சேர்த்து 180 ரூபாய் வாங்கினேன்.

பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் இருந்தது. அதை வீட்டிலுள்ள எல்.இ.டி. டிவியில் பயன்படுத்த முடியாது என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. வாத்துச் சுடும் ஆட்டத்துக்கான துப்பாக்கி அது. விசையை அழுத்திய கணத்தில் திரை முழுக்கக் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று மின்னும். துப்பாக்கியின் மூக்கில் உள்ள ஒளி உணரி அந்த மின்னலைப் பிடித்தால் வாத்து விழும். டியூப் டிவியின் வேகத்துக்கென்று போட்ட கணக்கு அது. புதிய டிவிகள் படத்தைக் கொஞ்சம் தாமதித்துக் காட்டுவதால் கணக்குத் தப்பிவிடும். அதற்காக எனக்கு யார்மீதும் வருத்தமில்லை. அது காலம் கொண்டுபோனது. எங்கோ அலுவலகத்தில் உட்கார்ந்து யாரும் அந்தத் துப்பாக்கியை அணைத்துவிடவில்லை. ஒரு டியூப் டிவியைத் தேடிப் பிடித்தால் இன்றும் சுடலாம்.

இரண்டாவதாக அருவங்காட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான். கல்லூரி முதல் வருஷம். கையில் பிளேஸ்டேஷன் 4, ஒரு கார்ப் பந்தய விளையாட்டின் டிஸ்க். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிச் சேர்த்த காசில் வாங்கியது. பில்லைக்கூட டிஸ்க் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தான். "அண்ணா, லென்ஸ் போயிருச்சோ?" என்று கேட்டான். லென்ஸ் நன்றாக இருந்தது. டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லை. சுழல்கிறது, படிக்கிறது, நிறுவனத்தின் சின்னம் வருகிறது, அதன்பின் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு வரி. என் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தேன், அதே வரி. பிறகு தேடிப் பார்த்தால், அந்த விளையாட்டுக்காக இணையத்தில் நடத்திவந்த சர்வர் கணினியை நிறுவனம் நிரந்தரமாக மூடியிருந்தது. தனியாளாக ஓட்டும் பந்தயத்துக்குக்கூட அந்த சர்வர் பதில் சொல்ல வேண்டும் என்று அமைத்திருக்கிறார்கள். பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'இணைய இணைப்பு தேவை' என்று மட்டும் இருந்தது. எதுவரைக்கும் என்று இல்லை.

கெட்டுப்போன பொருளை எனக்குச் சரிசெய்யத் தெரியும். இது கெடவே இல்லை. என் சால்டரிங் அயனுக்கு எட்டாத இடத்தில் ஒருவர் எடுத்த முடிவு அந்த டிஸ்க்கைத் தட்டாக்கிவிட்டது. அதை அந்தத் தம்பியிடம் சொல்ல வேண்டி வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

இது அவன் ஒருவனுக்கு நேர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் அறிந்த வழக்கு ஒன்று இருக்கிறது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்ற கார் விளையாட்டை வெளியிட்டது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடியது. காசு கொடுத்தவர்களின் கணக்கிலிருந்தே அதன் உரிமத்தையும் பின்பு எடுத்துக்கொண்டது. ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் அதே ஆண்டு ஏப்ரலில் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள் மனுவுக்குத் தேவை 10 லட்சம் கையெழுத்து. 2025 ஜூலை முடிவதற்குள் அதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சர்வரை ஆயுள் முழுக்க நடத்தச் சொல்லவில்லை. மூடும்போது, வாங்கியவர் தன் வீட்டில் தொடர்ந்து விளையாடும் நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள்.

நிறுவனங்களின் பக்கத்து வாதத்தையும் படித்தேன். ஐரோப்பிய விளையாட்டு நிறுவனங்களின் சங்கம், தனியார் சர்வர்களில் பயனர் தகவலுக்குப் பாதுகாப்பு இருக்காது, ஆன்லைனுக்கென்றே கட்டிய விளையாட்டை மாற்றுவது பெருஞ்செலவு என்கிறது. ஏற்கெனவே கட்டி முடித்தவற்றுக்கு அந்தச் செலவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முடியாத காரியம் என்பதை நான் ஏற்கமாட்டேன். 'நாக்அவுட் சிட்டி' என்ற விளையாட்டை 2023-இல் மூடியபோது, அதை உருவாக்கிய வெலான் ஸ்டுடியோ, ஆட்கள் தாங்களே சர்வர் நடத்திக்கொள்ள ஒரு பதிப்பைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் மூடியது. அது சின்ன நிறுவனம். இவ்வளவு எதிர்ப்புக்குப் பிறகு யூபிசாஃப்டும் 'தி க்ரூ 2'-க்கு ஆஃப்லைன் வசதி தருவோம் என்று 2024 செப்டம்பரில் அறிவித்தது. முதல் ஆட்டத்தை வாங்கியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

இன்னொன்று சொல்வார்கள்: நீங்களெல்லாம் நகல் கேசட்டில் வளர்ந்தவர்கள்தானே என்று. உண்மை. '9999 இன் 1' என்று அட்டையில் போட்டு, உள்ளே நாலைந்து ஆட்டத்தையே திரும்பத் திரும்ப அடுக்கியிருந்த கேசட்டுகளை நானே விற்றிருக்கிறேன். அசல் எங்கள் கைக்கு எட்டும் விலையிலும் இல்லை, எங்கள் ஊர்க் கடையிலும் இல்லை. அந்தத் தவறை நான் மறைக்கவில்லை. ஆனால் இன்று நொந்துபோய் நிற்பவன் அசலை முழு விலை கொடுத்து, பில் போட்டு வாங்கியவன். நகல் எடுத்தவனுடைய ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு ஆலை இருந்தது. 1960-இல் தொடங்கிய நிறுவனம். பிலிமும் போட்டோத் தாளும் எக்ஸ்ரே பிலிமும் அங்கே செய்தார்கள். என் அப்பா அங்கேதான் இருட்டறையில் வேலை பார்த்தார். டிஜிட்டல் வந்தது, ஆலை படுத்தது, மூடியே போயிற்று. ஆனால் அந்தப் பிலிமில் எடுத்த என் பெற்றோரின் கல்யாண நெகட்டிவை இன்றைக்கும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அம்மாவின் முகம் தெரிகிறது. ஆலை மூடிய அன்று எங்கள் வீட்டு நெகட்டிவ் வெள்ளையாகிவிடவில்லை. விற்றவன் போன பிறகும் விற்ற பொருள் வாங்கியவன் கையில் இருக்கும் என்றுதான் நாங்கள் நம்பி வளர்ந்தோம்.

அதையும் விடப் பக்கத்தில் தேயிலை இருக்கிறது. குன்னூரில் எந்தக் கடையில் கால் கிலோ தூள் பாக்கெட் வாங்கினாலும் நிகர எடை, கட்டிய மாதம், அதிகபட்ச விலை, கட்டியவர் முகவரி எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எடையளவுச் சட்டப்படி கடைக்காரருக்கே அபராதம். 5,000 ரூபாய் வரை விலை போகும் விளையாட்டுப் பெட்டியில், இது எத்தனை நாள் ஓடும் என்று ஒரு வரி இல்லை. நூறு ரூபாய்த் தேயிலைக்கு உள்ள ஒழுங்கு இதற்கு வேண்டாமா?

இந்த மலையில் வசிப்பவர்களுக்கு இது இரட்டிப்புத் துன்பம். ஒரு காற்றடித்து மரம் விழுந்தால் கேபிள் அறுந்து இரண்டு நாள் நெட் இருக்காது. பள்ளத்தில் இருக்கும் லைன் வீடுகளுக்கு மொபைல் சிக்னலே மேட்டில் ஏறினால்தான். அங்கே 100 ஜி.பி. இறக்கு என்றால் எப்படி இறக்குவது? 2025 ஜூனில் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 மெஷினில் சில விளையாட்டுகளின் கேசட்டுக்குள் விளையாட்டே இல்லை. உள்ளே இருப்பது ஒரு சாவி மட்டும். மாட்டியதும் முழு ஆட்டத்தையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். அதைப் பெட்டியின் முன்பக்கத்திலேயே அச்சிட்டுச் சொல்கிறார்கள், அதற்காகப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த சர்வர் போன பிறகு அந்தச் சாவி எந்தப் பூட்டைத் திறக்கும்?

பிளேஸ்டேஷன் 4-க்குள் கடிகாரத்துக்கென்று ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது, கார் சாவியில் போடுவதைப் போன்றது. அது தீர்ந்து, மெஷின் சோனி சர்வரையும் அடைய முடியாவிட்டால், டிஸ்க்கில் வாங்கிய ஆட்டமும் ஓடாமல் நின்றுவிடும் என்று பழைய மெஷின்களைப் பாதுகாப்பவர்கள் கண்டுபிடித்துச் சத்தம் போட்டார்கள். 2021-இல் வந்த 9.00 மென்பொருளில் அது சரியானது. அதே 2021-இல், பிளேஸ்டேஷன் 3 (பி.எஸ்.3)-க்கும் கையடக்க மெஷினான வீட்டாவுக்குமான இணையக் கடையை மூடுவதாக அறிவித்த சோனி, மக்கள் கேட்டதால் சில வாரத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. கேட்டால் நடக்கிறது. பி.எஸ்.5-இன் மெலிந்த மாடலுக்குத் தனியாக விற்கும் டிஸ்க் டிரைவை மாட்டினாலும் முதல் முறை இணையத்தில் பதிந்தால்தான் வேலை செய்யும். இருபது வருஷம் கழித்து அதைத் துடைத்துக் கொடுக்கச் சொல்லி ஒரு பாட்டி என் கடைக்கு வந்தால் நான் எந்த சர்வரிடம் அனுமதி கேட்பேன்?

அரசாங்கம் விளையாட்டைப் பற்றிப் பேசாமல் இல்லை. தமிழ்நாட்டில் ஆன்லைன் ஆட்டங்களுக்கான சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்குத் தடை போட்டன. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடைசெய்தது. அவற்றால் அழிந்த குடும்பங்கள் என் தெருவிலேயே உண்டு, இரண்டையும் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் சூதாடாமல், காசு கொடுத்து ஒரு ஆட்டத்தை வாங்கி வீட்டில் ஆடும் பிள்ளைக்கு இந்தச் சட்டங்களில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறேன். பொருளின் தரத்தையும் விலையையும் அறிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. புகார் வராமலே, தாமாக முன்வந்து விசாரிக்கவும் அது உங்களுக்கு அதிகாரம் தருகிறது. 2023 நவம்பரில் இணையக் கடைகளின் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டு நெறிமுறை வெளியிட்டதும் நீங்கள்தான்.

அந்த நெறிமுறையில் 'வாங்கு' என்ற பொத்தானையும் சேருங்கள் என்று கேட்கிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல், உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்கு' என்று எழுதுவதானால் அது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளத் தருபவர்களுக்கு விலக்கும் உண்டு. நமக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வாடகை என்றால் வாடகை என்று எழுதட்டும், முடியும் தேதியையும் எழுதட்டும். சர்வர் இல்லாமல் ஓடாத ஆட்டம் என்றால், குறைந்தது எந்த வருஷம் வரை நடத்துவோம் என்று பெட்டியின் முன்பக்கத்தில், விலைக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், தமிழிலும் அச்சிடட்டும். அந்த வருஷத்துக்கு முன்பே மூடினால் பணத்தைத் திருப்பித் தரட்டும். மூடும் நாளில் தனியாக ஆடும் பகுதியையாவது சர்வர் இல்லாமல் ஓடும்படி திறந்துவிடட்டும். மெஷினை விற்பதை நிறுத்திய பிறகு உதிரி பாகத்துக்கு இணைய அனுமதி கேட்கும் பூட்டை எடுத்துவிடட்டும். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு தளம் தொடங்கியதே, அதில் விளையாட்டு மெஷின்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

அந்தத் தம்பி டிஸ்க்கைத் திரும்பக் கொண்டுபோகவில்லை. "வெச்சுக்கோங்கண்ணா, எனக்கு எதுக்கு" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். பில்லோடு அது என் இழுப்பறையில் இருக்கிறது. விசாரணைக்குச் சான்றாக வேண்டுமென்றால் சொல்லுங்கள், அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து ஒரு பழுதுபார்க்கும் தொழிலாளி