30 செ.மீ. மேட்டில் நிற்கும் மழைநீர்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிதாக மழைநீர் வடிகால் கட்டிய தெருவிலேயே முழங்கால் தண்ணீர் நிற்கும் படம் நவம்பர் வந்தால் பத்திரிகைகளில் தவறுவதில்லை. காசைத் தின்றுவிட்டார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தின்றிருக்கலாம். ஆனால் ஒரு பைசா தின்னாமல் கட்டினாலும் அந்தத் தண்ணீர் நிற்க வழி உண்டு.

2011இல் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆனது. வெற்று மனையாக இருந்தால் ஆழத்தில் போவதை முதலில் பதித்துக்கொண்டு மேலே வரலாம்: பாதாளச் சாக்கடை, வடிகால், குடிநீர்க் குழாய், கேபிள், கடைசியில் சாலை. சேர்த்த பகுதிகளில் பெரும்பாலும் இது தலைகீழ். வீடும் சாலையும் வந்து குடியேறிய பிறகுதான் வடிகாலுக்கு இடம் தேடுகிறோம்.

ஊரோ சமதரை. ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு கிடைத்தாலே பெரிது. தொடக்கத்தில் 90 செ.மீ. ஆழமுள்ள வடிகால், தரை மட்டமாக இருந்தால் ஒரு கி.மீ. தள்ளி 1.90 மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். நடுவே குடிநீர்க் குழாய் ஒன்று குறுக்கிடுகிறது. ஊராட்சிக் காலத்தில் பதித்தது, எந்த வரைபடத்திலும் இல்லை. அதை நகர்த்த வேண்டுமென்றால் குடிநீர் வாரியத்துக்குக் கடிதம், மதிப்பீடு, வைப்புத்தொகை, பிறகு அவர்கள் டெண்டர். மழைக்கு முன் குழியை மூடியாக வேண்டிய ஒப்பந்ததாரர் அதற்கெல்லாம் காத்திருப்பாரா? வடிகாலின் தரையை அந்த இடத்தில் 30 செ.மீ. தூக்கிக் கட்டி, ஸ்லாப் போட்டு மூடிவிடுகிறார்.

ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில் அந்த 30 செ.மீ. மேடு தனக்குப் பின்னால் 300 மீட்டர் வரை தண்ணீரை நிறுத்திவைக்கும். நின்ற தண்ணீரில் மணல் படியும். திருட்டுத்தனமாக இணைத்த வீட்டுக் கழிவுநீரும் சேர்ந்தால் சேறு இறுகிவிடும். எத்தனை முறை தூர்வாரினாலும் மேடு அங்கேயே இருக்கும்.

கடைமடை இன்னொரு கதை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துத் தண்ணீர் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். கால்வாய் நிரம்பி நிற்கும்போது தெரு வடிகால் என்ன செய்யும்? ஆகவே கால்வாயின் வெள்ள மட்டத்தை முதலில் குறித்துக்கொண்டு, கீழிருந்து மேலே கட்டிவர வேண்டும். நடப்பதோ தெருவாரி டெண்டர். தெரு மாநகராட்சியுடையது, பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, கால்வாய் நீர்வளத் துறையுடையது. மேல்தெரு முடிந்திருக்கும், அதை வாங்கிக்கொள்ளும் இணைப்பு இருக்காது.

பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே 4 செ.மீ. தார் போடும் பழக்கத்தைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். ஐந்து முறை போட்டால் வாசற்படி 20 செ.மீ. பள்ளத்தில்.

டெண்டருக்கு முன்பே சந்திப்புகளில் சோதனைக் குழி வெட்டிப் பார்ப்பதும், குழாய் நகர்த்தும் செலவை அதே மதிப்பீட்டில் சேர்ப்பதும் செய்யக்கூடியவைதான். இறுதி பில் போடுமுன் 10 மீட்டருக்கு ஒரு இடத்தில் வடிகால் தரையின் மட்டம் எடுத்து, அந்த எண்களை வார்டு அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். குடியிருப்போர் சங்கத்தினர் ஸ்லாப் மூடுவதற்கு முன்பே அவற்றைக் கேட்டு வாங்கட்டும். மூடிய பிறகு உடைத்துத்தான் பார்க்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்கள் சிலர்,
வேளச்சேரி, சென்னை.