'அனுப்பியாயிற்று' என்று எழுதுமுன்: குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலகத் தலைவர்களுக்கு,

கண்காணிப்பில் இருக்கும் குடும்பம் வீடு மாறி வேறு அலுவலகத்தின் எல்லைக்குள் போகிறது. பழைய அலுவலகம் 'அனுப்பியாயிற்று' என்று எழுதிக் கோப்பை மூடுகிறது. புதிய அலுவலகத்தில் அது யாருக்கும் ஒதுக்கப்படாமல் தபால் தட்டில் கிடக்கிறது. அந்த நாட்களில் குழந்தை யார் பொறுப்பு? புதிய அலுவலகம் ஒரு பணியாளரின் பெயரைக் குறிப்பிட்டு எழுத்தில் ஏற்கும்வரை பழைய அலுவலகமே பொறுப்பு என்று விதி செய்யுங்கள். நாங்கள் கேட்பது அடிப்படையில் இவ்வளவுதான்.

லண்டனில் 2000 பிப்ரவரியில் கொல்லப்பட்ட எட்டு வயது விக்டோரியா கிளிம்பியேயை நான்கு சமூகப்பணித் துறைகள் அறிந்திருந்தன. தலையிட்டிருக்கக்கூடிய வாய்ப்புகள் குறைந்தது 12 என்று, அவள் மரணத்தை விசாரித்த லேமிங் பிரபுவின் 2003 அறிக்கை கணக்கிட்டது.

குடும்பம் கிளம்புவது தெரிந்த அன்றே தொலைபேசியில் பேச வேண்டும். அதே நாளில் ஒரு பக்கச் சுருக்கம் போக வேண்டும். முழுக் கோப்பு பின்னால் வரட்டும். (நானூறு பக்கத்தை முதலில் அனுப்பினால் யாரும் படிப்பதில்லை, ஒப்புக்கொள்வோம்.) சுருக்கத்தில் குழந்தையின் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையும் வேண்டும், ஓர் எழுத்து மாறினாலே பழைய பதிவு தேடலில் அகப்படாது. பிறந்த தேதி, உடன்பிறந்தோரின் கோப்பு எண்கள், வீட்டுக்கு வந்துபோகும் பெரியவர்கள், நெருங்கிவரும் நீதிமன்ற, மருத்துவத் தேதிகள், பணியாளர் தனியாகப் போகக் கூடாத வீடா என்பதும் வேண்டும்.

'கடைசியாகப் பார்த்த தேதி' என்ற கட்டத்தில்தான் பெரிய ஓட்டை. கதவு பூட்டியிருந்து திரும்பினாலும் 'வீட்டுக்குச் சென்றோம்' என்று பதிவாகிறது. தாயிடம் வாசலில் பேசிவிட்டு வந்ததும் அப்படியே. வீட்டுக்குப் போன தேதி, குழந்தையைக் கண்ணால் பார்த்த தேதி, குழந்தையிடம் தனியாகப் பேசிய தேதி என்று மூன்று கட்டங்களாகப் பிரியுங்கள். மூன்றாவது காலியாக இருந்தால் அதுவே ஒரு தகவல்.

'ஆபத்து: நடுத்தரம்' என்று மட்டும் எழுதி அனுப்புவதால் பயனில்லை. ஒரு அலுவலகத்தின் நடுத்தரம் இன்னொன்றில் குறைவு. எந்தக் காயம், எந்தத் தேதி, யார் என்ன விளக்கம் சொன்னார், மருத்துவர் என்ன சொன்னார் என்று நடந்ததை எழுதுங்கள். பணியாளரின் கணிப்பைத் தனியாகக் கீழே வையுங்கள்.

காயப் படங்களைக் கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். முதுகில் இருக்கும் கன்றிப்போன தடம் ஜெராக்ஸில் வெறும் நிழலாகத்தான் தெரியும். பக்கத்தில் அளவுகோல் வைத்து, தேதியோடு எடுத்த வண்ணப் படத்தின் மூலக் கோப்பே போக வேண்டும்.

பகிரக் கூடாததும் உண்டு. தகவல் கொடுத்தவரின் பெயர்மேல் கணினியில் கறுப்புப் பட்டை வரைந்தால் மறைந்துவிட்டதாக நினைக்கிறோம், பல பி.டி.எஃப். கோப்புகளில் அந்த இடத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பெயர் அப்படியே வந்து விழும். எழுத்தையே அழித்த பிறகுதான் அனுப்ப வேண்டும். அடிக்கு அஞ்சி ஒளிந்து வாழும் தாயின் புது முகவரி, தந்தைக்குப் போகும் எந்தக் கடிதத்திலும் நகலிலும் இருக்கக் கூடாது. பூட்டிய கோப்பின் கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதி அனுப்பினால் பூட்டே வீண்.

பெற்றோர் சம்மதம் தரவில்லை என்று கோப்பை முடக்குவதும் நடக்கிறது. சம்மதம் கேட்பதே குழந்தைக்கு ஆபத்தாகுமானால் கேட்காமல் பகிர்வதற்கு உங்கள் சட்டம் எந்த அளவுக்கு இடம் தருகிறது என்பதைப் பணியாளர் கையில் ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுங்கள். பகிர்ந்த காரணத்தை அவர் அன்றே கோப்பில் எழுதட்டும்.

முதல் வீட்டு வருகைக்கு இரு அலுவலகப் பணியாளர்களும் சேர்ந்து போக வேண்டும். புதியவர் தன் கண்ணால் குழந்தையைப் பார்க்கும்வரை ஆபத்து நிலையைக் குறைக்கவோ கோப்பை மூடவோ யாருக்கும் அனுமதி இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
குழந்தைப் பாதுகாப்புக் களப்பணியாளர்கள்