எங்கள் மண்ணுக்கு உயிர் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் வயலுக்குப் போய்ப் பார்த்தேன், எங்கேயும் தண்ணீர் தேங்கவில்லை. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே நான்கு ஏக்கரில் அரை மணி நேர மழைக்கே குளம் கட்டி நிற்கும். மூன்றாம் நாள் வெயிலில் மேல்மண் பாளம் பாளமாக வெடித்துவிடும். உரமூட்டை வருடா வருடம் கூடியது, விளைச்சல் குறைந்துகொண்டே வந்தது. இன்றைக்கு மண்வெட்டி வைத்தால் மண் பொலபொலவென்று உதிர்கிறது. இது நான் ஒருவனாகச் செய்த காரியம் இல்லை. கைகொடுத்தவர்களுக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது. உங்களில் சிலர் பெயர் போட வேண்டாம் என்றீர்கள். அதனால் யார் பெயரும் எழுதவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதலில் மண் பரிசோதனைக் கூடத்தில் இருந்த தங்கைக்கு. வரப்போரம் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு போய் நின்றேன். "ஒரு எடத்து மண்ணை வச்சு நாலு ஏக்கருக்கும் எப்படிண்ணே சொல்றது?" என்று கேட்டு, ஒரு காகிதத்தில் படம் போட்டே காட்டினாய். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10, 15 இடங்களில் மேல்சருகை ஒதுக்க வேண்டும். ஆங்கில 'வி' எழுத்து மாதிரி 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, பக்கவாட்டில் இருந்து மண்ணைச் சுரண்ட வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்துப் பிரித்து அரைக் கிலோ ஆக்க வேண்டும். முடிவு வந்தபோது மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம் என்றே இருந்தது. மக்கிய பொருளில் இருந்து வரும் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள், எங்களுடையது அதற்கும் வெகு கீழே. "சத்து இல்லாம இல்லண்ணே. அதை எடுத்துப் பயிருக்குக் கொடுக்கிற உயிர்தான் மண்ணுல இல்ல" என்று நீ சொன்ன பிறகுதான் எனக்குப் பாதை தெரிந்தது.

விதை கொடுத்த அக்காவுக்கு அடுத்த நன்றி. பல பயிர்களைக் கலந்து வளர்த்து மண்ணுக்கே உரமாக மடக்கி உழும் பல தானிய விதைப்புக்கு ஏக்கருக்கு 20 கிலோ என்று கணக்குப் போட்டு, கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கடுகு, கொத்தமல்லி, சணப்பு, தக்கைப்பூண்டு என்று சாக்கிலேயே கலந்து கட்டிக் கொடுத்தீர்கள். அரைகுறையாகத்தான் முளைத்தது. நான் முகம் வாடி நிற்க, நீங்கள் வந்து ஒரு தக்கைப்பூண்டை வேரோடு பிடுங்கி, வேரில் இருந்த முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினீர்கள். உள்ளே இளஞ்சிவப்பு. "இது செவப்பா இருந்தா காத்துல இருக்கிற தழைச்சத்தை, அதான் நைட்ரஜனை, பிடிச்சு வேலை செய்யுதுன்னு அர்த்தம். வெளுப்பா, பச்சையா இருந்தாத்தான் கவலைப்படணும்." 50-ஆம் நாள், பூத்த பருவத்தில் மடக்கி உழுதோம். அன்றைக்கு எழுந்த பச்சை வாசனை இப்போதும் நினைவில் இருக்கிறது.

கீழத்தோட்டத்துப் பெரியவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டாம் வருடம் நான் ஒரு தப்புச் செய்தேன். அறுவடை முடிந்த வைக்கோலைக் கொளுத்தக் கூடாது என்று மட்டும் தெரியும். அத்தனையையும் அப்படியே மடக்கி உழுது, ஒரே வாரத்தில் விதைத்துவிட்டேன். பயிர் முளைத்து நாலு இலை விட்டதும் வயல் முழுக்க மஞ்சள். அக்கம்பக்கத்தில் "யூரியா போடாம என்ன விவசாயம்" என்றார்கள், வீட்டிலும் பேச்சு வந்தது. நீங்கள் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை ஐயா. "வைக்கோல் மக்கணும்னா நுண்ணுயிருக்கும் தழைச்சத்து வேணும்ப்பா. வைக்கோல்ல அது கொஞ்சம்தான். அதான் பயிருக்கு வேண்டியதை அதுங்க எடுத்துக்குது. மக்கி முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துரும், அதுக்குத்தான் நாள் பிடிக்கும்" என்றீர்கள். அந்தப் போகம் பாதிகூடத் தேறவில்லை. ஆனால் காரணம் புரிந்ததால் நான் பின்வாங்கவில்லை. அப்புறம் வைக்கோலை மண்ணுக்குள் திணிக்காமல் மேலே மூடாக்காகப் போட்டோம், மிச்சத்தைச் சாணக்கரைசல் தெளித்துக் குவியலாக மக்க வைத்தோம்.

இன்னொரு நாள் இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு வந்தீர்கள். ஒன்றில் என் வயலின் காய்ந்த மண்கட்டி, இன்னொன்றில் உங்கள் மரத்தடியில் உழவே படாத மண்கட்டி. என்னுடையது கண்ணெதிரே கரைந்து சேறாகிவிட்டது. உங்களுடையது அப்படியே நின்றது, தண்ணீர்கூடக் கலங்கவில்லை. வேர்க்கசிவும் பூஞ்சை இழையும் பசை மாதிரி மண்ணைக் கோத்துப் பிடித்திருக்கின்றன என்று விளக்கினீர்கள். அன்றிலிருந்து வருடம் ஒருமுறை நானும் அந்தச் சோதனையைச் செய்கிறேன். போன மாதம் என் கட்டியும் நின்றது ஐயா. டம்ளரைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேனே, அது அதற்காகத்தான்.

கிடை போட்ட அண்ணனுக்கும் நன்றி. ராத்திரிக்கு ராத்திரி பட்டியை நகர்த்தி, ஒரு மூலை விடாமல் ஆடுகளை அடைத்தீர்கள். புழுக்கையும் மூத்திரமும் வெயிலில் காய்ந்து வீணாகாமல் உடனே மேலாக உழுதுவிடச் சொன்னதும் நீங்கள்தான்.

டிராக்டர் ஓட்டும் தம்பி, ஈரம் காயாத வயலில் இறங்க மாட்டேன் என்று நீ திரும்பிப் போனபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஈரத்தில் உழுது உழுதுதான் ஒரு சாணுக்குக் கீழே மண் கெட்டித்துப் போயிருந்தது என்று குழி வெட்டிப் பார்த்தபோது புரிந்தது. நீ செய்ததுதான் சரி.

மண்ணில் நுண்ணுயிர் பெருக ஊற்றும் ஜீவாமிர்தக் கரைசல் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி வரப்பு மண், 200 லிட்டர் தண்ணீர், 48 மணி நேரம் நிழலில் வைத்துக் கலக்கிவிடுவது. இது ஒரு ஏக்கருக்கு. நாங்களும் பாசன நீரில் கலந்து விடுகிறோம். ஆனால் மூடாக்கு இல்லாத வெறும் மண்ணில் ஊற்றி எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மண்புழுவின் எச்சமான குருணை கண்ணில் பட ஆரம்பித்ததே மூடாக்கு போட்ட பிறகுதான். அந்த மூடாக்கைக் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து வந்து நான்கு ஏக்கரிலும் பரப்பிய அக்காக்களே, உங்கள் உழைப்பு இல்லாமல் இது எதுவும் நடந்திருக்காது.

நஷ்டம் வந்த அந்த வருடம் தன் கையிருப்பை எடுத்து நீட்டி, "இன்னும் ஒரு போகம் பார்க்கலாம்" என்ற என் மனைவிக்கு இங்கே எழுதுவது போதாது. நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடம் எங்கள் வயலிலேயே தக்கைப்பூண்டும் சணப்பும் விதைக்கு விட்டு எடுத்திருக்கிறோம். அக்கா கொடுத்த அளவைத் திருப்பிக் கொடுத்தது போக இரண்டு மூட்டை மிச்சம் இருக்கிறது. மண் சரியில்லை என்று யாராவது தவித்துக்கொண்டிருந்தால், விதைப்புக்கு முன்னால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கு மட்டும் கொண்டு வாருங்கள்.